லீட்ச்சை விட்டுவிட்டீர்களே

நீர்வண்ண ஓவியம் பற்றிய உங்கள் கட்டுரை, விக்டோரியா மகாராணிக்கு அதைக் கற்பித்தவர் என்று ஓவியர் எட்வர்ட் லியரை மட்டுமே சொல்கிறது. அவர் வகுப்பெடுத்தது 1846 கோடையில் கொஞ்ச நாள்தான். அதே ஆண்டு வந்து, இருபது ஆண்டு அளவுக்கு நிலக்காட்சி பழக்கியவர் வில்லியம் லெய்ட்டன் லீட்ச். கிளாஸ்கோவில் நாடகக் காட்சித் திரைகள் தீட்டிப் பழகிய கை அது. தூரமும் மூட்டமும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

இன்னொன்று. ஸ்காட்லாந்து மலைமூட்டத்துக்கு 'நிறத்தில் தண்ணீர் கூட்டினால் போதும்' என்கிறது கட்டுரை. போதாது. பலகையைச் சற்றே சாய்த்து, தாளை முழுக்க நனைத்து, கோபால்ட் நீலத்தில் துளி லைட் ரெட் என்ற மண்சிவப்பு கலந்த சாம்பலை மேலிருந்து இறக்க வேண்டும். அடியில் தேங்குவதைப் பிழிந்த தூரிகையால் உறிஞ்சி எடுங்கள். தாளின் பளபளப்பு மங்கத் தொடங்கியதும் கையை எடுத்துவிடணும். அப்போது நீர் கோத்த தூரிகை பட்டால், புதுநீர் நிறமியை ஓரத்துக்குத் தள்ளி காலிஃபிளவர் மாதிரி கறை விழும். தேய்த்தால் தாள்தான் போகும். முன்குன்றை, முதல் பூச்சு முழுக்கக் காய்ந்த பிறகே தொடலாம். காய்ந்தால் வெளிறும், அதனால் ஒரு படி அழுத்தமாகவே வையுங்கள்.

தாளின் எடை சதுர மீட்டருக்கு 300 கிராமுக்குக் குறைவென்றால் முதலில் நனைத்து, பசைநாடாவால் பலகையில் ஒட்டிக் காயவிடுங்கள். இல்லையென்றால் நெளிந்து, பள்ளங்களில் வானம் திட்டுத்திட்டாகத் தேங்கிவிடும்.