தப்பி வந்த பறவை அல்ல

சென்ற சனிக்கிழமை சிங்கப்பூரின் சாங்கி படகுத்துறை அருகே ஒரு மரத்தில் இருவாச்சி வந்து உட்கார்ந்தது. கறுப்பு உடல், வெள்ளை வயிறு, பெரிய மஞ்சள் அலகு, அதன்மேல் கவிழ்த்து வைத்தாற்போல் ஒரு புடைப்பு. பழத்தைப் பறித்து, அலகு நுனியில் பிடித்து, மேலே தூக்கிப்போட்டு விழுங்கியது. தொடக்கநிலை 3 படிக்கும் என் பேத்தி என் கையை இழுத்தாள். "தாத்தா, மண்டாயிலிருந்து தப்பித்து வந்துவிட்டதா? யாரிடமாவது சொல்ல வேண்டாமா?"

எனக்குச் சுருக்கென்றது. அவள்மீது தவறில்லை. பள்ளிக் கற்றல் பயணத்தில் மண்டாய் பறவைப் பூங்காவுக்குப் போனவள், பயிற்சித்தாளில் பெயரை எழுதினாள், குறியிட்டாள், அடுத்த பறவைக்கு ஓடினாள். பறவை என்றால் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது என்று மனத்தில் பதிந்துவிட்டது.

புதிய பூங்காவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 1971இல் திறந்த ஜூரோங் பறவைப் பூங்கா 2023 ஜனவரியில் மூடப்பட்டபோது வருந்தியவன் நான். அதே ஆண்டு மே மாதம் மண்டாயில் திறந்ததைப் போய்ப் பார்த்ததும் வருத்தம் தணிந்தது. நாம் உள்ளே நடக்க, தலைக்குமேல் பறவைகள் பறக்கும் பெரிய கூடங்கள். ஏறத்தாழ 400 இனங்கள். வேடிக்கை காட்டுவதைவிடக் காப்பாற்றுவதே முதல் வேலை என்று ஒரு பூங்கா முடிவெடுப்பது நல்ல மாற்றம்.

ஆனால் அந்த வேலையின் பெருமை வேலிக்கு வெளியே அல்லவா இருக்கிறது? 19ஆம் நூற்றாண்டிலேயே சிங்கப்பூரைவிட்டு மறைந்த இருவாச்சி, 1994இல் புலாவ் உபின் தீவில் மீண்டும் தென்பட்டது. கூடு வைக்கப் பெரிய பொந்துள்ள முதுமரங்கள் போதவில்லை. ஜூரோங் பறவைப் பூங்காவும் தேசியப் பூங்காக் கழகமும் ஆய்வாளர்களும் சேர்ந்து மரங்களில் செயற்கைக் கூடுகளைப் பொருத்தினார்கள். பெண் பறவை உள்ளே போய் வாயிலை அடைத்துக்கொள்ளும், ஒரு கீறல் மட்டும் விட்டு. வாரக்கணக்கில் ஆண் பறவை பழங்களைத் தொண்டையில் சுமந்துவந்து, ஒவ்வொன்றாக மேலே வரவழைத்து, அந்தக் கீறல் வழியாக ஊட்டும். இதை ஒரு குழந்தைக்குச் சொல்லிப் பாருங்கள், கண் இமைக்காமல் கேட்கும். பயிற்சித்தாளில் இதற்கு இடமில்லை.

தமிழாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மேற்குத் தொடர்ச்சி மலையில் நம் மக்கள் இந்தக் குடும்பத்துப் பறவைகளுக்கு வைத்த பெயர்தான் இருவாச்சி. இவ்வளவு அழகான சொல்லை நம் பிள்ளைகள் வகுப்பில் ஒருமுறையாவது கேட்க வேண்டும்.

பள்ளிகளுக்கு நான் சொல்வது இதுதான்: மண்டாய்க்கு ஒரு நாள் என்றால் உபினுக்கு ஒரு நாள். பூங்காவில் பார்த்த அதே பறவையை, பெயர்ப்பலகை இல்லாத மரத்தில் தேடிக் கண்டுபிடிக்கட்டும். பாராவ்-பாராவ் என்று மலாய்க்காரர்கள் அழைக்கும் சின்னான் பறவையின் பாட்டையும் கேட்கட்டும். அந்தப் பாட்டுக்காகவே பிடித்துப் பிடித்துக் கூண்டிலடைத்து, ஜாவாவில் அதை இல்லாமலே ஆக்கிவிட்டார்கள். நம் உபினில் இன்னும் காட்டிலேயே பாடுகிறது.

வரும் விடுமுறையில் பேத்தியையும் அவள் தோழிகள் இருவரையும் அழைத்துப் போகிறேன். பிள்ளைகளோடு வர விரும்புவோர் சொல்லுங்கள். காலை 7 மணிக்குப் படகுத்துறையில் இருப்போம். 12 பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும்.