நாட்டு நாய்க்குட்டிக்குத் தடுப்பூசி வேண்டாம் என்பது தவறு

“சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் குட்டிகளுக்குத் தாய்ப்பாலே போதும், ஊசியெல்லாம் வெளிநாட்டு நாய்களுக்குத்தான்” என்றொரு செய்தி உசிலம்பட்டி, மேலூர் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நம்பாதீர்கள்.

சீம்பால் எதிர்ப்பாற்றல் தருவது உண்மை. ஆனால் அது 6 வாரம் முதல் 16 வாரத்துக்குள் கரைந்துபோகிறது. ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குள்ளேயே அந்த நாள் மாறுபடும். அது மிச்சமிருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது. அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கும் ஊசியை, 3 அல்லது 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஓர் ஊசியோடு நிறுத்துவதும் ஏறத்தாழ போடாததற்குச் சமம்தான்.

இந்த ஊசி தடுக்கும், குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் இனம் பார்த்து வருவதில்லை. காலையில் துள்ளிய குட்டி மாலையில் பால் கிண்ணத்தைத் திரும்பிப் பார்க்காமல் சுருண்டு கிடக்கும். பிறகு வாந்தி, நாற்றமெடுக்கும் இரத்தக் கழிச்சல். அப்போது மஞ்சள் தண்ணீர் புகட்டிக் காத்திருந்தால் குட்டி கண்முன்னே போய்விடும். உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள், நீரேற்ற வேண்டும். இந்தக் கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். எனவே குட்டி இறந்த கொட்டத்தில், ஊசி முடியாத இன்னொன்றைக் கொண்டுவந்து கட்டாதீர்கள்.

வெறிநோய்த் தடுப்பூசி தனி. அதை 3 மாதத்தில் போட்டு, ஓராண்டில் மறுபடி போட வேண்டும். குடற்புழு மருந்தையும் மருத்துவரிடம் எடை பார்த்தே வாங்குங்கள்.