பிள்ளையின் பேச்சைப் பதிவதென்றால் கமராவை விட்டுக் கொப்பியை எடுங்கள்

வீட்டில் கமரா பூட்டிப் பிள்ளை பேசப் பழகுவதைப் பதியலாமா என்று மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் இளம் பெற்றோரும் முன்பள்ளி ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கிறார்கள். என் பதில்: கமரா வேண்டாம். கிழமைக்கு அரை மணி நேரக் குரல்பதிவு போதும். கூடவே ஒரு கொப்பி, அது கட்டாயம்.

பெரிய அளவில் செய்து பார்த்தவர் இருக்கிறார். அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர் டெப் ராய், 2005இல் மகன் பிறந்ததிலிருந்து ஏறக்குறைய மூன்று வருடம் வீட்டுக் கூரைத்தட்டில் 11 கமராக்களும் 14 மைக்குகளும் பூட்டிப் பதிந்தார். 90,000 மணி நேரக் காணொளி, 140,000 மணி நேர ஒலி. 'காகா' என்ற மழலை மெல்ல மெல்ல 'வாட்டர்' ஆவதை அதில் கேட்கலாம். என்னை அதிகம் கவர்ந்தது வேறொன்று. பிள்ளை ஒரு சொல்லைப் பிடிக்கும் நேரம் நெருங்க நெருங்க, பெரியவர்கள் அந்தச் சொல் வரும் வசனங்களைத் தம்மையறியாமலே சுருக்கியிருந்தார்கள். பிள்ளை சொல்லத் தொடங்கியதும் வசனங்கள் திரும்பவும் நீண்டன. ஆகவே பெரியவர்களின் குரலைப் பதிவிலிருந்து வெட்டாதீர்கள். நம் பக்கம் வீடு பெண்வழி. அம்மம்மா, சித்தி, உம்மம்மா, சாச்சி என்று பிள்ளையோடு கதைக்கிற வாய்கள் நாலைந்தாவது இருக்கும்.

அவரிடம் எழுத்தாக்க ஒரு குழுவே இருந்தது. நமக்கோ, அரை மணிப் பதிவை எழுத்தில் இறக்கக் கை பழகியவருக்கே ஐந்து மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். எழுதாத பதிவால் ஒரு பயனும் இல்லை.

ஃபோனே போதும். முதலில் ஃப்ளைட் மோடில் போடுங்கள், அழைப்பு வந்தால் பதிவு நடுவில் அறுந்துவிடும். குரல் பதிகிற அப்பின் செற்றிங்கில் வேவ் வடிவம், மோனோ, 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட் என்று வைத்தால் அரை மணிக்கு 160 மெகாபைட் அளவில் வரும். மேசையில் வைத்தால் கோப்பை வைக்கிற சத்தம் இடிபோல விழும். மடித்த சாரத்தின் மேல், பிள்ளை இருக்கிற பாயோரமாக, ஒரு மீற்றருக்குள் வையுங்கள். தூரம் இரட்டித்தால் குரல் 6 டெசிபல் அளவில் இறங்கும், ஃபேன் சத்தம் அப்படியே நிற்கும். ஃபேன் காற்று மைக்கில் நேரே படக்கூடாது. ரிவியை நிறுத்துங்கள். மார்கழி மழை தகரத்தில் கொட்டுகிற நாளை விட்டுவிடுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் உடுப்பில் வயர் மைக் கொழுவவே வேண்டாம். வயர் கழுத்தில் சுற்றும், நுனிப் பஞ்சு வாய்க்குள் போகும்.

இவ்வளவு செய்தும் பதிவு கெடுகிற இடம் ஒன்றுண்டு: "சொல்லு மனே, அந்தப் பாட்டச் சொல்லு" என்று யாராவது ஏவுவது. அதில் கிடைப்பது ஒப்புவிப்பு. ஏவாமல் விடுங்கள், முதல் பத்து நிமிடத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரு கிழமை குளிப்பாட்டும் நேரம், அடுத்த கிழமை சோறு தீத்தும் நேரம் என்று மாற்றுங்கள். ஒரே நேரத்தில் பதிந்தால் ஒரே சொற்கள்தான் வரும்.

இனிக் கொப்பி. திகதி, வயது (2 வருடம் 3 மாதம் 14 நாள் என்றால் 2;03.14), யார் யார் இருந்தார்கள், பிள்ளையின் கையில், கண்முன் என்ன இருந்தது. "பயம் வேணாம்" என்று ஒலியில் கேட்கிறது. பழம் வேண்டாம் என்கிறதா, பயப்படுகிறதா? ழகரம் பிந்தித்தான் வரும். "அம்மம்மா கதலிப்பழம் உரிச்சுக் குடுத்தா" என்று ஒரு வரி கொப்பியில் இருந்தால் சந்தேகம் தீர்ந்தது. ஒரு மாதம் கழித்து எந்த நினைவிலும் அது இருக்காது.

கேட்டபடியே எழுதுங்கள். பிள்ளை "மறுகா வாறன்" என்றால் "பிறகு வருகிறேன்" என்று திருத்துகிறவர்கள் ஆசிரியர்கள்தான் அதிகம். திருத்தினால் நம் பிள்ளை நம் தமிழை எப்படிப் பிடித்தது என்ற தடயமே போய்விடும். பிள்ளை ஒரு தடவையில் சொல்லி நிறுத்துவது ஒரு கூற்று. அதன் நீளம் பார்க்கும்போது சொல்லை மட்டும் எண்ணாதீர்கள். "வரல்ல" என்பது ஒரு சொல்தான், ஆனால் அதற்குள் வருவதும் இல்லையென்பதும் சேர்ந்திருக்கின்றன. தெளிவாகக் கேட்கும் முதல் 100 கூற்றுகளை எடுத்து, இப்படிப் பிரித்து எண்ணி, மாதாமாதம் ஒப்பிடுங்கள்.

பேச்சு பிந்துகிறதென்று கிளினிக்குக்குப் போகிறவர்கள் இரண்டு மூன்று நிமிடத் துண்டொன்றைக் கொண்டுபோங்கள். புது இடத்தில் பல பிள்ளைகள் வாயே திறக்காது. ஆனால் பதிவைக் கொண்டு நீங்களே நோய்க்குப் பேர் வைக்காதீர்கள்.

டெப் ராய் வீட்டில் கடைசிச் சில நிமிடங்களை அழிக்க ஒரு பொத்தான் இருந்தது. நம் வீட்டில் விறாந்தைக்கு வந்துபோகிறவர்கள் அதிகம். பதிவு ஓடுகிறதென்று வருகிறவரிடம் உடனே சொல்லுங்கள். தெரியாமல் பக்கத்து வீட்டு அக்காவின் சொந்தக் கதை விழுந்திருந்தால், அந்தத் துண்டை அன்றைக்கே அழியுங்கள்.