அந்த அட்டவணையில் விலை இருக்கிறது, செலவு எங்கே?

மின்னூல் விலையையும் அச்சுப் புத்தக விலையையும் ஒப்பிட்டு ஒரு பதிவில் போட்டிருக்கும் அட்டவணையை நேற்றிலிருந்து பத்துப் பேராவது எனக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்துவிட்டேன். மின்னூல் சிக்கனமாம், அச்சுப் புத்தகம் வீண்செலவாம், கல்லூரி நூலகங்கள் இனி அச்சில் வாங்கவே வேண்டாமாம். இருபது வருடம் பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் வாங்கும் பிரிவில் இருந்தவள் சொல்கிறேன்: அதில் இருப்பது விலை. செலவு இல்லை.

அச்சுப் புத்தகத்தை ஒருமுறை வாங்கினால் அது நூலகத்தின் சொத்து. மின்னூலில் நாம் வாங்குவது பெரும்பாலும் உரிமம்தான். ஒரு நேரத்தில் ஒருவர் படிக்க ஒரு விலை, மூன்று பேர் படிக்க ஒரு விலை, எத்தனை பேரும் படிக்க வேறொரு விலை. சந்தாவாக எடுத்திருந்தால், கட்டுவதை நிறுத்தியதும் அத்தனையும் போய்விடும். அட்டவணையில் முதல் வருடச் சந்தா மட்டும் இருக்கிறது. பத்து வருடத்துக்குக் கூட்டிப் பார்த்தீர்களா?

"அலமாரிக்கும் இடத்துக்கும் செலவில்லையா?" என்பீர்கள். உண்டு. 2010இல் கூரன்ட், நீல்சன் என்ற இருவர் அமெரிக்க நூலகங்களை வைத்துக் கணக்கிட்டார்கள். திறந்த அலமாரியில் ஒரு புத்தகத்தைப் பராமரிக்க ஆண்டுக்கு 4.26 டாலர், நெருக்கி அடுக்கும் கிடங்கில் 86 சென்ட். எல்லோரும் அந்த 4.26ஐ மட்டும் எடுத்து நீட்டுகிறார்கள். 86 சென்ட்டை ஏன் விட்டுவிடுகிறீர்கள்?

சரி, யாருமே எடுக்காத புத்தகங்கள் அலமாரியில் கிடக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். மொத்தமாகத் தலையில் கட்டும் மின்னூல் தொகுப்பிலும் யாரும் திறக்காதவை ஏராளம்.

தேர்வு வாரத்தில் ஒரு மாணவி என் மேசைக்கு மூன்று முறை வந்தாள். ஒருவர் மட்டும் படிக்கும் உரிமம் அது. திறக்கும்போதெல்லாம் வேறொருவர் படித்துக்கொண்டிருப்பதாகத் திரையில் வந்தது. கோப்பு அங்கேதான் இருக்கிறது, அவளுக்குத்தான் இல்லை. கடைசியில் பழைய பதிப்பின் அச்சுப் பிரதி ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். கண் கலங்கி வாங்கிக்கொண்டாள். அவள் இழந்த மூன்று நாளை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?

அதுவாவது வரிசைப் பிரச்சினை. 2022 ஆகஸ்டில், வகுப்புகள் தொடங்கும் நேரத்தில், வைலி பதிப்பகம் 1,300க்கும் மேற்பட்ட மின்னூல்களை ஒரு பெரிய நூலகச் சந்தாத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டது. நூலகர்கள் கொதித்தெழுந்த பிறகுதான் அவை தற்காலிகமாகத் திரும்பி வந்தன. 2025 பிப்ரவரியில், நூலகங்களுக்குப் புத்தகம் விற்கும் கிளாரிவேட் நிறுவனம், தன்னிடம் ஒருமுறை பணம் கட்டிப் புத்தகம் வாங்கும் வழியையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. அலமாரியில் இருக்கும் புத்தகத்தை இப்படி யாராலும் வந்து எடுத்துக்கொண்டு போக முடியாது.

நான் மின்னூலுக்கு எதிரி இல்லை. பார்வையற்ற மாணவர்களுக்கும் தொலைதூரத்தில் படிப்பவர்களுக்கும் அது எவ்வளவு பெரிய உதவி என்று தெரிந்துதான் ஆயிரக்கணக்கில் வாங்கிக் கொடுத்தேன். அப்படியிருந்தும் "தூசி வாசனையில் ஊறிப்போனவர்கள் இப்படித்தான் பேசுவார்கள்" என்று அந்தப் பதிவின் கீழே எழுதியிருந்ததைப் படித்தபோது வலித்தது. வேலைநாள் முழுக்க உரிம ஒப்பந்தங்களை வரி வரியாகப் படித்தவள் நான். கொடுத்த விலையை வெளியில் சொல்லக்கூடாது என்று அவற்றில் பலவற்றில் நிபந்தனையே இருந்தது. அப்புறம் எந்த விலையை வைத்து அந்த அட்டவணையைப் போட்டீர்கள்?