யானை வராத நாளிலும் பத்து பூத்தேவுக்குப் போகலாம்

மலேசியாவின் சபா மாநிலத்துக்குப் போகும் நம்மவர்கள் கோத்தா கினபாலுவில் இறங்கி, மலையைப் பார்த்து, தீவுக்குப் படகு ஏறி, கடலுணவு சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் ஆர்வம் உள்ளவர்கள் சண்டக்கான் வரை போய் செப்பிலோக்கில் ஓராங்ஊத்தான் பார்ப்பார்கள். அங்கிருந்து லகாட் டத்து சாலையில் போனால் கினபாத்தாங்கான் ஆறு, பாலத்தை ஒட்டி பத்து பூத்தே கம்பம், அதாவது கிராமம். அங்கே ஹோம்ஸ்டேயில் தங்குங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு நான் சொல்லும் முதல் காரணத்தைக் கேட்டால் சிரிப்பார்கள்: அவர்கள் வருமானத்தைப் பங்கிடும் முறை.

விலங்குகள் இல்லாமல் இல்லை. 560 கிலோமீட்டர் ஓடும் இந்த ஆற்றின் கீழ்ப்பகுதியில் சாயங்காலப் படகு ஏறினால் நீண்ட மூக்குக் குரங்குகள் கூட்டமாகக் கரையோர மரங்களுக்கு வந்து சேரும். போர்னியோவின் எட்டு வகை இருவாட்சிப் பறவைகளும் இங்கே உண்டு. முதலை உண்டு. அதிர்ஷ்டம் இருந்தால் யானை.

இவ்வளவு சுலபமாகக் கண்ணில் படுகின்றனவே என்று மகிழுமுன் கரைக்கு அப்பால் பாருங்கள். பாமாயில் தரும் செம்பனைத் தோட்டம். காடு பல இடங்களில் ஆற்றோரப் பட்டையாக மட்டும் மிஞ்சியிருக்கிறது, விலங்குகள் வேறெங்கே ஒதுங்கும்? 2005-இல் சரணாலயமாக அறிவித்த சுமார் 26,000 ஹெக்டேரும் பல துண்டுகளாகத்தான் கிடக்கிறது. செம்பனையைத் திட்டிவிட்டு நான் கை கழுவிவிடவும் முடியாது. நம் குடும்பங்களில் எத்தனை பேருக்குச் சோறு போட்டது தோட்டம்!

இந்த நெருக்கடியில்தான் இந்த ஆற்றங்கரையில் வாழும் ஓராங் சுங்கை மக்கள் 1990களின் பிற்பகுதியில் ஹோம்ஸ்டே தொடங்கினார்கள். பெயர் மிசோ வாலாய். பிறகு 2003-இல் கோப்பெல் என்ற கூட்டுறவு. எந்த வீட்டில் தங்குவது என்பதை நீங்கள் முடிவு செய்ய முடியாது, முறைப்பட்டியலில் அடுத்து எந்த வீடோ அதுதான். பெரிய வீடு, நன்றாக ஆங்கிலம் பேசும் வீடு என்று ஒரே வீட்டுக்குக் கூட்டம் சேர்ந்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஏன் காட்டைக் காக்க வேண்டும்? நிலத்தைச் செம்பனைக்கு விற்றுவிட்டுப் போவார். நம் கோயில் நிர்வாகங்களில் இப்படி ஒரு பட்டியல் இருந்தால்... சரி, அது வேறு பதிவு.

கூட்டுறவு காட்டுக்கும் உழைக்கிறது. எல் நினோ வறட்சியில் எரிந்த காட்டில் உள்ளூர் மரங்களை நட்டார்கள். ஆறு பெருகும் மண், கன்று ஊன்றினால் வெள்ளம் மூழ்கடிக்கும், தப்பியதைக் கொடி மூடும், ஆள் போய் வெட்டிக்கொண்டே இருக்கவேண்டும். துங்கோக் ஏரியை சால்வீனியா என்ற தென்னமெரிக்கக் களை பாய் விரித்ததுபோல மூடியபோது கிராமத்தவர்கள் இறங்கி அள்ளினார்கள். இந்த வேலைக்குக் கூலி கிடைக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயம். ஏழைகள் இயற்கையை இலவசமாகக் காக்கவேண்டும் என்று நகரத்தில் உட்கார்ந்து எதிர்பார்ப்பது அநியாயம்.

நமக்கு இது புதிதும் இல்லை. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடலில் நம்மவர்கள் தெருவுக்கு வரும் நிலையில் 1960-இல் மலேசிய இந்தியர்களின் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டாளிகள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். கூட்டுறவு என்றால் என்னவென்று நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

குறை இல்லையா? இருக்கிறது. வெளிநாட்டுப் பயணிகளை நம்பிய பிழைப்பு. 2020-இல் எல்லை மூடியதும் விருந்தினர் வரத்து நின்றது. உள்ளூர்க்காரர்கள் நாம் போகவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

போகிறவர்களுக்கு: கூட்டுறவிடமே நேராகப் பதிவு செய்யுங்கள், இடையில் ஏஜென்சி வேண்டாம். முஸ்லிம் வீடு, மதுவும் பன்றி இறைச்சியும் கொண்டு போகாதீர்கள். பாயில் உட்கார்ந்து கையால் சாப்பிடுவது நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. யானை வரவில்லை என்று கூகுளில் ஒற்றை நட்சத்திரம் போடுகிறவர்கள் தயவுசெய்து மிருகக்காட்சிசாலைக்குப் போங்கள்.