277 பேர், 14 பேர்: பத்தாம் வகுப்பின் முதல் பாடத்தை மணிக்கூண்டில் தொடங்குங்கள்

வேலூர் லாங்கு பஜாரில் தள்ளுவண்டிகளுக்கும் மூட்டை இறக்கும் லாரிகளுக்கும் நடுவே நிற்கும் மணிக்கூண்டில் ஓர் ஆங்கிலக் கல்வெட்டு பதித்திருக்கிறது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: வேலூர், இந்தக் கிராமத்திலிருந்து 277 பேர் 1914-18 பெரும்போருக்குச் சென்றார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள். கடைக்குப் போகிறவர்கள் தினமும் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். மக்கான் சந்திப்பில் இருக்கும் 1806 சிப்பாய்ப் புரட்சி நினைவுத்தூண் எல்லோருக்கும் தெரியும். இந்தக் கல் தெரிந்தவர்கள் குறைவு.

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் முதல் பாடமே முதல் உலகப்போர்தான். பள்ளி திறந்த கையோடு சரஜீவோவில் தொடங்கி, காரணங்கள் ஆறு, விளைவுகள் ஏழு என்று போர்டில் எழுதிப்போட்டு, வெர்செய்ல்ஸ் உடன்படிக்கையில் கொண்டுபோய் முடிக்கிறோம். அஞ்சு மார்க் கேள்வி அங்கிருந்து வரும் என்பதால் பிள்ளைகளும் அந்தப் பட்டியலை அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள். அரையாண்டுத் தேர்வு வருவதற்குள் அது இரண்டாம் உலகப்போரோடு கலந்துவிடுகிறது. ஹிட்லரை 1914ல் கொண்டுவந்து நிறுத்தும் விடைத்தாளுக்குப் பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு போரையும் ஒரே அச்சில் வார்த்துக் கொடுத்தால் அப்படித்தான் ஆகும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் இந்தப் பாடம் மணிக்கூண்டில் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எப்படி என்று விவரமாகவே எழுதுகிறேன். வகுப்பு எடுப்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

கல்லைப் பார்க்க காலை எட்டு மணிக்குள் போய்விட வேண்டும். அதற்குமேல் பஜாரில் நிற்கக்கூட இடம் இருக்காது. நாற்பது பேரை ஒரேயடியாக அழைத்துப் போனால் முன்வரிசை மட்டும்தான் எழுத்தைப் பார்க்கும், மற்றவர்கள் வண்டிகளுக்கு ஒதுங்கவே நேரம் சரியாக இருக்கும். பத்துப் பன்னிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெரியவர் துணையோடு அனுப்புங்கள். எழுத்து துலங்கவில்லை என்று கல்லில் சாக்பீஸ் தடவ விடாதீர்கள். போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் வெட்டிய எழுத்தில் நிழல் விழுந்து படம் தெளிவாக வரும். நேர் எதிரே ஃபிளாஷ் அடித்தால் எல்லாம் மழுங்கிவிடும்.

திரும்பி வந்ததும் முதல் கேள்வியாக "கிராமம்" என்ற சொல்லைக் கேளுங்கள். வேலூர் 1866லேயே நகராட்சி. 1911ல் சித்தூர் தனி மாவட்டமானபோது வடாற்காடு மாவட்டத்தின் தலைநகரும் ஆகிவிட்டது. பிறகு ஏன் கிராமம் என்று வெட்டினார்கள்? போர் முடிந்தபின் இந்தியா முழுக்க ஊர் ஊராக இதே வாசகத்தில்தான் கல் பதித்தார்கள். ஊர்ப்பெயரும் இரண்டு எண்களும் மட்டும் மாறும். ஆள் அனுப்பிய ஊர்கள் எல்லாம் அரசாங்கத்துக்கு ஒரே படிவத்தில் நிரப்பவேண்டிய கட்டங்களாக இருந்தன. காலனி ஆட்சி என்றால் என்ன என்று ஒரு பக்கம் வாசித்துக் காட்டுவதைவிட இந்த ஒரு சொல் அதிகம் சொல்லிவிடும்.

அடுத்தது கணக்கு. 277ல் 14 என்றால் 5 விழுக்காட்டுக்குச் சற்று மேல். நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர். இந்தியா முழுவதிலும் சுமார் 13 லட்சம் பேர் இந்தப் போருக்காகச் சேர்ந்து, 74,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கேயும் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்தான் விகிதம் நிற்கிறது. பிள்ளைகளே வகுத்துப் பார்க்கட்டும். தங்கள் ஊர்க் கணக்கும் நாட்டுக் கணக்கும் அருகருகே வந்து நிற்கும்போது 74,000 என்பது வெறும் ஒரு மார்க் விடையாக இருக்காது. அதோடு இன்னொன்றும் கேட்க வேண்டும்: இந்தக் கல் எதைச் சொல்லவில்லை? எந்தச் சண்டையில் இறந்தார்கள், குண்டடியா காய்ச்சலா, திரும்பி வந்து நோயில் கிடந்தவர்களைச் சேர்த்தார்களா, எதுவும் இல்லை. முக்கியமாக, ஒரு பெயர்கூட இல்லை.

இதற்குப் பிறகு சரஜீவோவுக்குப் போகலாம். 1914 ஜூன் 28ல் அங்கே ஆஸ்திரிய இளவரசர் மீது துப்பாக்கிச் சூடு. ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியா மீது போர் அறிவித்தது ஜூலை 28. நடுவே 30 நாள். இந்த முப்பது நாளைத்தான் பெரும்பாலும் வகுப்பில் தாண்டிப் போகிறோம். அதனால் "இளவரசரைச் சுட்டார்கள், உடனே உலகப்போர் வந்தது" என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். ஒரு நூல்கண்டு போதும். ஏழு பேரை ஆஸ்திரியா, செர்பியா, ரஷ்யா, ஜெர்மனி, பிரான்ஸ், பெல்ஜியம், பிரிட்டன் என்று வட்டமாக நிறுத்தி, யார் யாருக்கு வாக்குக் கொடுத்தார்களோ அவர்களுக்கு நடுவே நூலைக் கட்டுங்கள். ஜூலை முதல் வாரத்தில் ஜெர்மனி "என்ன வந்தாலும் துணை நிற்போம்" என்று ஆஸ்திரியாவுக்குச் சொன்னது. ஜூலை 23ல் செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு. ஜூலை 30ல் ரஷ்யா முழுப் படைதிரட்டலுக்கு உத்தரவு போட்டது. ஆகஸ்ட் 1ல் ஜெர்மனி ரஷ்யா மீதும், 3ல் பிரான்ஸ் மீதும் போர் அறிவித்தது. 4ஆம் தேதி ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது, அன்றே பிரிட்டனும் இறங்கியது. தேதியைப் படிக்கப் படிக்க அந்தந்த ஆள் நூலை இழுக்க வேண்டும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. நூல் இழுபடுவதைப் பார்க்கும் பிள்ளைக்கு, போர் தானாகவே வந்துவிட்டது, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று தோன்றிவிடும். அது தவறான பாடம். ஒவ்வொரு தேதியிலும் நிறுத்தி, "இப்போது நீ நூலை இழுக்காமல் விட்டால் என்ன ஆகும்?" என்று அந்தப் பிள்ளையையே கேளுங்கள். ஒரு பீரியட் முழுக்க இதற்கே போனாலும் போகட்டும். கடைசியில் வட்டத்துக்கு வெளியே ஒரு பிள்ளையை இந்தியா என்று நிறுத்தி, பிரிட்டன் கையிலிருந்து அவருக்கு ஒரு நூலைக் கட்டுங்கள். அவரிடம் எந்த நிலையிலும் யாரும் கருத்துக் கேட்கவில்லை. ஆனால் பிரிட்டன் இழுத்ததும் அவரும் இழுபடுவார். மணிக்கூண்டின் 277 பேர் அந்த ஒற்றை நூலில்தான் போனார்கள்.

விடைத்தாளில் திரும்பத் திரும்ப வரும் தவறு ஒன்று: மூவர் கூட்டில் இருந்த மூன்று நாடுகளும்தான் மைய நாடுகள், அதாவது போரில் ஜெர்மனியின் அணி, என்று எழுதுவது. 1882ல் ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி சேர்ந்தது கூட்டு. போர் வந்தபோது இத்தாலி ஒதுங்கி நின்று, 1915 மே மாதம் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தது. மைய நாடுகள் பக்கத்துக்குப் புதிதாக வந்தது 1914 கடைசியில் உதுமானியத் துருக்கி, பிறகு பல்கேரியா. கட்டம் போட்டு மனப்பாடம் செய்ய வைப்பதால்தான் இந்தக் குழப்பம். வரைபடத்தில் இத்தாலியைப் பென்சிலில் ஒரு நிறம் தீட்டி, பிறகு அழித்து மறு நிறம் தீட்டச் சொன்னால் மறக்காது. இன்றைய அட்லஸை வைத்துக்கொண்டு ஆஸ்திரியா-ஹங்கேரியைத் தேடச் சொல்வதும் வேண்டாத சிரமம். ஈராக் இருக்கும் இடத்தில் அன்று துருக்கி ஆட்சி. இன்றைய வரைபடத்தின் மேல் டிரேசிங் பேப்பர் விரித்து 1914 எல்லையை வரைந்தால் இரண்டும் ஒரே பார்வையில் புரியும்.

எம்டன் கதையை யாரும் விடுவதில்லை, விடவும் கூடாது. 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் பர்மா ஆயில் கம்பெனி எண்ணெய்த் தொட்டிகள் மேல் சுமார் 130 குண்டுகள் வீசிவிட்டுப் போனது. "அவன் பெரிய எம்டன்" என்று வீட்டில் பாட்டி சொல்வது அங்கிருந்து வந்தது. ஆனால் அதோடு நிறுத்தினால் போர் ஒரு ராத்திரி வேடிக்கையாகிவிடும். நாலே நாளில், செப்டம்பர் 26ல், இந்தியப் படையின் முதல் அணி பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நவம்பர் 9ல் கோகோஸ் தீவருகே எம்டனின் கதை முடிந்தது. நம்மவர்களுக்கு அதற்குமேல் நாலு வருடம் பாக்கியிருந்தது.

பதுங்குகுழி என்றதும் புத்தகங்கள் பிரான்சைத்தான் காட்டும். இந்தியாவிலிருந்து அதிகம் பேர் அனுப்பப்பட்ட களம் மெசபடோமியா, அதாவது இன்றைய ஈராக். அங்கே கூட் என்ற ஊரில் 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் 29 வரை முற்றுகையில் சிக்கிய படை கடைசியில் சரணடைந்தது. சுமார் 13,000 பேர், பெரும்பகுதி இந்தியர். உணவு தீர்ந்தபோது குதிரைகளைக் கொன்று கறி கொடுத்தார்கள். இந்தியச் சிப்பாய்கள் பலர் மத வழக்கத்தால் கடைசி வாரங்கள் வரை அதைத் தொடவில்லை. காய்கறியும் இல்லை, கறியும் இல்லை என்றானதும் ஸ்கர்வி என்ற சத்துக்குறைவு நோய் பரவியது. வெள்ளை மாவு ரொட்டி தின்ற பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கோ பெரிபெரி வந்தது. ஆட்டா தின்றவர்களுக்கு அந்த நோய் குறைவு. அறிவியல் ஆசிரியரைப் பத்து நிமிடம் அழைத்து, எந்த வைட்டமின் எதில் இருக்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். முற்றுகை என்ற சொல்லுக்கு அப்போதுதான் வயிறு வரும்.

போருக்குப் போகாதவர்களும் வடாற்காட்டில் போரோடு கட்டுண்டிருந்தார்கள். ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட மெட்ராஸ் மாகாணத்துத் தோல், சிப்பாய் பூட்ஸின் மேல்பாகத்துக்காகப் பிரிட்டனின் போர்த்துறைக்குப் போனது. தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை பார்க்கும் குடும்பத்துப் பிள்ளைகள் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வகுப்புகளில் எத்தனை பேர்! ஆவாரம்பட்டை என்றால் என்ன என்று அவர்களே எழுந்து சொல்வார்கள்.

காலக்கோட்டில் 1918ஐக் குறிக்கும்போது நவம்பர் 11 போர்நிறுத்தத்தோடு இரண்டு வரி சேருங்கள். அதே ஆண்டு இந்தியாவில் ஃப்ளூ காய்ச்சல் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. அதே ஆண்டு வேலூரில் ஐடா ஸ்கட்டர் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். 1919க்கு ரௌலட் சட்டமும் ஜாலியன்வாலா பாக்கும். இத்தனை பேரைக் கொடுத்த நாட்டுக்குக் கிடைத்த பதில் இதுதானா என்று பிள்ளைகள் தாங்களாகவே கேட்பார்கள்.

இனி தேடும் வேலை. கம்மவான்பேட்டை மாதிரி தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் போகும் ஊர்கள் நம் பக்கம் உண்டு. பிள்ளைகளிடம் "வீட்டில் பழைய மெடல், டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் காகிதம் இருக்கிறதா?" என்று மட்டும் கேளுங்கள். யார் எந்தச் சாதி, ஏன் சேர்ந்தார்கள் என்று வகுப்பில் வைத்துக் கேட்கவே கூடாது. சிப்பாய்க்கு மாதம் 11 ரூபாய் சம்பளம். அந்தப் பதினோரு ரூபாய் சில வீடுகளுக்கு என்னவாக இருந்தது என்பதை அந்த வீட்டார் விரும்பினால் அவர்களே சொல்லட்டும்.

மெடல் கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், பாத்திரப் பொடியும் வேண்டாம். விவரம் எல்லாம் விளிம்பில்தான் இருக்கிறது: எண், பதவி, பெயர், படைப்பிரிவு. தேய்த்தால் முதலில் போவது அதுதான். விளிம்பைச் சுற்றிச் சுற்றி ஏழெட்டுப் படம் எடுத்து வரிசையாக வைத்து வாசியுங்கள். பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் சிப்பாய்க்கு வெள்ளியில் கொடுத்தார்கள். மூட்டை தூக்கும் தொழிலாளர் படையில் போன இந்தியர்களுக்கு அதே பதக்கம் வெண்கலத்தில். எந்த உலோகம் என்று பார்த்தாலே அந்தத் தாத்தா துப்பாக்கி தூக்கினாரா மூட்டை தூக்கினாரா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இறந்தவர்களைத் தேட, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளம் இருக்கிறது. இலவசம். பெயரை வைத்துத் தேடினால் தோற்றுப்போவீர்கள். முனுசாமியை எழுத்தர் காதில் விழுந்தபடி பத்து விதமாக எழுதியிருப்பார். இனிஷியல் இருக்காது. கூடுதல் தகவல் என்ற கட்டத்தில் மாவட்டத்தைப் போட்டுத் தேட வேண்டும். பல பதிவுகளில் இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்ன தாலுகா, நார்த் ஆர்க்காட், மெட்ராஸ் என்று இருக்கும். இன்றைய வேலூர் மாவட்ட எல்லையை மனதில் வைக்காதீர்கள். அன்றைய வடாற்காட்டில் ஆரணி, போளூர், திருவண்ணாமலை எல்லாம் அடக்கம். வந்தவாசியை வாண்டிவாஷ் என்ற பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். ஒரு பீரியடில் முடியாது. நாலைந்து பிள்ளைகளிடம் ஆளுக்கொரு தாலுகாவைக் கொடுத்து இரண்டு வாரம் விடுங்கள்.

மெசபடோமியாவில் இறந்து கல்லறை இல்லாதவர்களுக்கு பாஸ்ரா நினைவுச்சின்னம் இருக்கிறது. 40,000க்கு மேற்பட்டவர்களுக்கான சின்னம். ஆனால் கட்டியபோது பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயரைப் பொறித்தவர்கள், இந்தியர்களில் அதிகாரிகள் பெயரை மட்டும் வெட்டிவிட்டு, சாதாரணச் சிப்பாய்களைப் படைப்பிரிவுவாரியாக இத்தனை பேர் என்று எண்ணிக்கையில் அடக்கிவிட்டார்கள். ஆணையமே 2021ல் வெளியிட்ட அறிக்கையில் இந்த வேறுபாட்டை ஒப்புக்கொண்டிருக்கிறது. லாங்கு பஜாரில் 14, பாஸ்ராவிலும் எண்கள்தான். பெயர்கள் பதிவேட்டுத் தாளில் தூங்குகின்றன.

போர்ஷன் முடியாது, இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று எச்.எம். கேட்பார். எட்டு பீரியடில் முடிகிறது: கல்லுக்கும் கணக்குக்கும் ஒன்று, நூலுக்கு ஒன்று, வரைபடத்துக்கு ஒன்று, மெசபடோமியாவுக்கு ஒன்று, ரஷ்யப் புரட்சிக்கும் சர்வதேச சங்கத்துக்கும் இரண்டு, கேள்வி-பதிலுக்கு இரண்டு. தேடுவது வீட்டு வேலை.

கடைசியில் ஒரு சார்ட் எடுத்து 14 வரி போடுங்கள். பெயர், தகப்பனார், ஊர், படைப்பிரிவு, இறந்த தேதி, நினைவுச்சின்னம் என்று ஆறு பத்தி. வேலூர் நகரத்து ஆள் என்று பதிவில் தெளிவாக இருந்தால் மட்டும் மையில் எழுதுங்கள். தாலுகா மட்டும் தெரிந்தால் பென்சில். கிடைக்காத வரியைக் குறுக்கே அடித்துவிடாமல், வரிசை எண் மட்டும் போட்டு அப்படியே விட்டு வையுங்கள். அடுத்த வருடம் வரும் பத்தாம் வகுப்பு அங்கிருந்து தேடத் தொடங்கும்.