பேருந்தில் போனால் அது பயணமில்லையா?

நேற்று முன்தினம் பயணக் குழுவில் நடந்த விவாதத்தை நண்பர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். காலையில் கிளம்பி இரவுக்குள் நகரத்துக்குத் திரும்பிவிடக்கூடிய இடங்களை ஒருவர் பட்டியலிட்டிருந்தார். அங்கெல்லாம் ரயிலிலோ பேருந்திலோ எப்படிப் போவது என்று ஒரு பெண் கேட்டதற்கு, "கார் இல்லாதவர்களுக்கு இது சரிப்பட்டு வராது, வீட்டிலிருந்தே படம் பாருங்கள்" என்று பதில் வந்தது. அந்தப் பதிலுக்குக் கீழே வரிசையாகச் சிரிப்புக்குறிகள் வேறு. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

பொதுப் போக்குவரத்தில் ஒரு நாள் வெளியூர் போய்வருவது, கார் வாங்க வசதியில்லாதவர்கள் மனதைத் தேற்றிக்கொள்ளும் வழி அல்ல. அது முழுமையான பயணம். 1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக் என்பவர், இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்து லஃபரோவில் நடந்த மதுவிலக்குக் கூட்டத்துக்கு ஏறத்தாழ 500 பேரைத் தனி ரயிலில் அழைத்துப்போய், அன்றே திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார். அவருடைய சுற்றுலாத் தொழில் அந்த ஒரு நாள் ரயில் பயணத்திலிருந்துதான் வளர்ந்தது. கார் என்ற ஒன்று அப்போது பிறக்கவே இல்லை.

நேரம் வீணாகிறது என்பீர்கள். காரில் போகிறவருக்கு வழி நெடுகக் கண் சாலையில்தான் இருக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் நிறுத்த இடம் தேட வேண்டும். எவ்வளவு தூரம் நடந்தாலும் நிறுத்திய இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும். நானோ மலையின் ஒரு பக்கம் பேருந்தில் இறங்கி, நடந்து, மறுபக்கத்து ஊரிலிருந்து வேறொரு பேருந்தில் ஏறி வந்துவிடுவேன். வந்த வழியை மறுபடி மிதிக்க வேண்டியதே இல்லை. இந்தச் சுதந்திரத்தை அனுபவிக்காதவர்கள்தான் எங்களைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள்.

எங்கள் வீட்டில் கார் இருந்ததே இல்லை. விடுமுறை நாளில் அம்மா விடிவதற்கு முன்பே எங்களை எழுப்பி, முதல் பேருந்தில் ஜன்னலோரம் உட்காரவைத்து, கடந்துபோகும் ஊர்ப்பெயர்ப் பலகைகளை வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். இறங்கும்போதே, திரும்புகிற வண்டி சாலையின் எந்தப் பக்கம் நிற்கும், கடைசி வண்டிக்கு முந்தையது எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடம் கேட்டுப் பயணச்சீட்டின் பின்புறம் குறித்துக்கொள்வார். கடைசி வண்டியை நம்பி அவர் ஒருநாளும் இருந்ததில்லை. "கடைசிப் பேருந்தை விட்டுவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பவர்களுக்கு அந்தப் பயணச்சீட்டுதான் என் பதில். அப்படி எங்களுக்கு ஊர் காட்டிய ஒரு பெண்மணியையும் சேர்த்துத்தான் வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்கச் சொல்கிறீர்கள் என்பது உங்களுக்குப் புரிகிறதா?

கைக்குழந்தையோடும் நடக்க இயலாத பெரியவர்களோடும் போகிறவர்களுக்குக் கார் வசதிதான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அவர்களைக் காரணம் காட்டி, நடக்கத் தெம்புள்ள மற்ற எல்லோரையும் ஏன் விலக்குகிறீர்கள்?

மக்களுக்கு இதில் ஆர்வமில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். 2022 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஜெர்மனியில், மாதம் 9 யூரோவுக்கு நாடு முழுவதும் உள்ளூர், வட்டார ரயில்களிலும் பேருந்துகளிலும் போகலாம் என்று அறிவித்தபோது, 5 கோடிக்கும் மேற்பட்ட பயணச்சீட்டுகள் விற்றன. விடுமுறை நாட்களில் பல ரயில்களில் நிற்க இடமில்லை. சுவிட்சர்லாந்தில் 1982 முதல் ரயில்கள் சீரான இடைவெளியில் ஓடுகின்றன. ரயில் வந்து சேரும் நேரத்துக்கு இணைப்புப் பேருந்து நிலையத்தில் நிற்கும்படி அட்டவணை போடுகிறார்கள். ஆர்வம் எல்லா இடத்திலும் இருக்கிறது. பல ஊர்களில் இணைப்புதான் இல்லை.

பல இடங்களில் அட்டவணை அலுவலகம் போகிறவர்களை மனதில் வைத்தே போடப்படுகிறது. ஊருக்கே ஓய்வு கிடைக்கும் நாளில் வண்டிகளைக் குறைத்துவிடுகிறார்கள். ஒரு ஞாயிறு மாலை, வெயிலில் வெளுத்து எண்கள் பாதி அழிந்துபோன அட்டவணைக்குக் கீழே காத்திருந்தபோது, "இன்று அந்த வண்டி வராது, விடுமுறை" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்தத் தகவலை ஒரு வரி எழுதி ஒட்ட யாருக்கும் தோன்றவில்லை. கார் இல்லாதவர்கள் வீட்டில் இருந்துகொள்வார்கள் என்று அட்டவணை போடுகிறவர்களும் நினைத்துவிட்டால், ஞாயிறு மாலைக்கு இன்னொரு பேருந்து கேட்டு நாங்கள் யாரிடம் போவது?